எல்லா அளவிலும் ஓர் அங்குலம்

அளவுச் சீட்டு வந்த அன்று ருக்கியா ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைப் போலவே நடந்துகொள்ளவில்லை. மரப்பெட்டியைத் தானே இழுத்தாள். முக்காலியில் ஏறிப் பரணிலிருந்த துணி மூட்டையை இறக்கினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சித்தூரில் மாசிக் கடைசி வெயில் கூரை ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. காந்தலூரிலிருந்து கடிதம் வந்துவிட்டது, ஹவ்வாவின் அளவு வந்துவிட்டது, இனிமேல் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கலாம்.

ஹவ்வா அவளுடைய மகள். ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

ருக்கியாவின் முதல் புருஷன் மூணாறு பஜாரில் தையல்காரராக இருந்தவர். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையோடு அவள் காந்தலூரில் அவருடைய அண்ணன் மூசாவின் வீட்டில் ஒண்டினாள். இருபத்துநாலு வயதுப் பெண்ணை எத்தனை நாள் அப்படியே வைத்திருப்பது என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, சித்தூரில் எண்ணெய்க் கடை வைத்திருந்த முகம்மது குட்டி ராவுத்தருக்கு அவளை நிக்காஹ் செய்து வைத்தார்கள். அவருக்கும் அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி பிள்ளை இல்லாமலே இறந்துபோனவள். முகம்மது குட்டி நல்ல மனுஷர்தான். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாக நின்றார். மூசா வீட்டிலேயே அந்தப் பிள்ளை வளரட்டும், இங்கே வேண்டாம் என்றார். கூடியிருந்த பெரியவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு அவர்களுக்கென்ன, அவர்கள் வயிற்றிலா பிறந்தது?

சித்தூரும் காந்தலூரும் ஒரே ராஜ்யத்தில் இருப்பதாகத்தான் இப்போது சர்க்கார் சொல்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, உடுமலை என்று சென்னை ராஜ்யத்துக்குள் போய், சின்னாறு தாண்டி மறுபடி மேலே ஏற வேண்டும். பஸ் மறையூரோடு நின்றுவிடும். அதற்கு மேலே நடைதான். அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு தரம்கூட அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஒன்றுதான்: வருஷத்துக்கு ஒரு முறை, நோன்புப் பெருநாளுக்கு, மகளுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பலாம். மூசா பூண்டு விற்க மலையிறங்கி வரும்போது வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வருஷச் சட்டை அப்படி வெறுமனே அனுப்புகிற சட்டை அல்ல. அதனால்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

போன கார்த்திகையில் ஒரு நாள் முகம்மது குட்டி கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். ருக்கியாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். வாந்தி எடுத்து எடுத்துக் கிழிந்த துணியாகக் கிடந்தாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு சொன்னார்:

“ருக்கியா, உனக்குப் பேறு கழிஞ்சு நாப்பது நாள் முடியட்டும். ஹவ்வாவை இங்கயே கூட்டிட்டு வந்துரலாம்.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “என்னங்க சொன்னீங்க?”

“கூட்டிட்டு வந்துரலாம்னேன்.”

“நெசமாலுமா? நம்மூட்லயே வெச்சுக்கறதுக்கா?”

“ஆமா. நீ நேரத்துக்குச் சாப்புட்டு ஒடம்பைப் பாத்துக்கோ. அது போதும்.”

மூன்று வருஷமாகக் கெஞ்சியும் அசையாத மனுஷர், கேட்காமலே வாய் திறந்து சொன்னால் எப்படி இருக்கும்? ருக்கியா அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து வாந்தி வந்தாலும் வாயைக் கழுவிவிட்டு மறுபடி சாப்பிட்டாள். கன்னம் பூரித்தது. பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வயிற்றுப் பிள்ளை வந்த மகிழ்ச்சி என்று நினைத்தார்கள். அவளும் அவர்களைத் திருத்தவில்லை. வயிற்றுப் பிள்ளைக்குத் துணி தைப்பதுதான் ஆகாதே. பிறக்கும் முன்னால் ஒரு கைக்குட்டைகூடத் தைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆகவே தைக்க வேண்டிய ஆசை முழுவதும் ஹவ்வாவின் சட்டைக்கே போனது.

பெருநாளைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். பிறகு ஆவணியில் அதையே போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்து இந்த வாசலில் நிற்பாள். அதற்குள் எத்தனை முறை அவள் மனசுக்குள் அந்தப் பிள்ளை வந்து நின்றுவிட்டதோ, ருக்கியாவுக்கே கணக்கில்லை.

அவளுக்கு ஒரு வேலை தெரியும். சித்தூரில் வேறு யாருக்கும் தெரியாது. மூணாறில் இருந்தபோது எஸ்டேட் துரை மகளின் கிழிந்த கவுன் ஒன்றை ஆயா தைக்கக் கொண்டுவந்தாள். நெஞ்சுப் பக்கம் முழுவதும் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருங்கி, மேலே தேன்கூடு மாதிரி பூ ஓடியிருந்தது. இழுத்தால் விரிந்தது, விட்டால் சுருங்கியது. ஸ்மாக்கிங் என்று பெயராம். ருக்கியாவின் புருஷனுக்கு அது பிடிபடவில்லை. ருக்கியாதான் கிழிந்த பக்கத்தை இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, எந்த நூல் எங்கே போய் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்தாள். வேண்டியதைப் போல மூன்று மடங்கு அகலத்தில் துணி எடுக்க வேண்டும். உள்பக்கத்தில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி நூல் ஓட்டி, எல்லா நூலையும் ஒன்றாக இழுத்தால் துணி சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். அந்த மடிப்புகளின் தலையை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பட்டு நூலால் கையாலேயே பூவேலை போட வேண்டும். கடைசியில் உள்ளே ஓட்டிய நூலை உருவிவிட்டால் சட்டை மூச்சுவிடும்.

வளரும் பிள்ளைக்கு அதைப் போல ஏற்ற சட்டை கிடையாது. பிள்ளை கொஞ்சம் பெருத்தால் சட்டையும் கூடவே விரிந்து கொடுக்கும். பார்க்காத பிள்ளைக்குத் தைக்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதற்காகவே ருக்கியா மூன்று வருஷமாக இதைத் தவிர வேறெதுவும் தைத்து அனுப்பியதில்லை.

எலுமிச்சை நிறத்தில் வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணி மார்கழியிலேயே வாங்கி வைத்தாகிவிட்டது. பங்குனியில் மலையில் குளிர் விட்டுவிடும். பிள்ளைகள் கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு வெயிலில் ஓடும் காலம். காலையில் மட்டும் இலேசாகச் சிலிர்க்கும் என்பதால் முழுக்கை வைத்து, மணிக்கட்டிலும் சுருக்கம் கொடுத்து, பச்சை நூலில் கொடியும் சிவப்பில் மொட்டும் போடுவதாக முடிவு செய்திருந்தாள். எத்தனை புள்ளி வைப்பது என்று கணக்குப் பார்க்கத்தான் பழைய சீட்டுகள் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

மூன்று சீட்டையும் பாயில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதல் வருஷம் நீளம் பதினெட்டு, நெஞ்சு இருபத்தொன்று, கழுத்து பத்து, மணிக்கட்டு ஐந்து. இரண்டாம் வருஷம் நீளம் இருபதரை, நெஞ்சு இருபத்தொன்றரை, கழுத்து பத்தே கால், மணிக்கட்டு அதே ஐந்து. பிள்ளைகள் அப்படித்தான் வளர்வார்கள். உயரம் விறுவிறுவென்று போகும். நெஞ்சு மெதுவாக வரும். மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வருஷம் நீளம் இருபத்தொன்றரை. நெஞ்சு இருபத்திரண்டரை. கழுத்து பதினொன்றே கால். மணிக்கட்டு ஆறு.

ருக்கியா முதலில் சிரித்தாள். எல்லாமே சரியாக ஓர் அங்குலம் கூடியிருக்கிறது. ஒரு கால் அங்குலம் முன்னே பின்னே கிடையாது. இதை மூசா மச்சானேதான் அளந்திருக்க வேண்டும். பூண்டு மூட்டையைக் கண்ணாலேயே எடை போடுகிற மனுஷர். ஆனால் ஒரு பெண் குழந்தையின் கழுத்தைச் சுற்றி நாடாவைப் பிடிக்கச் சொன்னால் கையும் காலும் உதறும். முதல் இரண்டு வருஷமும் அளந்தது அவர் மனைவி கௌலத், அவர் எழுதினதோடு சரி. இந்தத் தரம் கௌலத் எங்கே போனாள்?

பிறகு மறுபடி பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நாடாவைத் தளர்த்திப் பிடித்தால் நெஞ்சு கூடும், கழுத்து கூடும், சரி. நீளம் ஏன் இரண்டரை கூடாமல் ஒன்று மட்டும் கூட வேண்டும்? வளர வேண்டியது வளரவில்லை; வளரக் கூடாதது வளர்ந்திருக்கிறது.

மத்தியானம் சாப்பிட வந்த புருஷனிடம் சீட்டுகளைக் காட்டினாள்.

“ஏனுங்க, இதைப் பாருங்க. புள்ளைக்கு ஒடம்பு வீங்கியிருக்குமோ?”

“என்ன வீக்கம்? அளந்தவங்க கொஞ்சம் தாராளமாப் பிடிச்சிருப்பாங்க.”

“தாராளமாப் பிடிச்சா நீளம் எதுக்குங்க கொறையணும்? காய்ச்சல் கண்ட புள்ளைக்குத்தான் இப்பிடி ஒசரம் நின்னுபோயி ஒடம்பு ஊதும். மறையூர்ப் பக்கம் காய்ச்சல் ஜாஸ்தி.”

முகம்மது குட்டி சீட்டைக் கையில் வாங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, “சட்டைதானே. நீ எப்பிடித் தெச்சாலும் நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

“ஒரு கத்து எழுதிப் போட்டுக் கேளுங்க.”

“போடறேன்.”

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் பள்ளிவாசலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். ருக்கியாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மனசு நல்ல வார்த்தைக்கு ஏங்கிக் கிடக்கும்போது கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போவதில்லை. அவளுடைய பயம் காய்ச்சல் வரைக்கும்தான் போனது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க அதற்குத் தைரியம் இல்லை.

நோன்பு பிறந்து ஏழெட்டு நாளில் காந்தலூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. ஹவ்வா சுகம், கவலை வேண்டாம், உன் உடம்பைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். ருக்கியா அதை நாலு தரம் படித்தாள். சரி, சுகம் என்று எழுதியிருக்கிறதே, பிறகென்ன? அளவெடுக்கத் தெரியாத மனுஷர் எதையோ எழுதிவிட்டார். அந்தச் சீட்டை ஒதுக்கி வைத்தாள். பிள்ளையைச் சுமந்து பெற்றது அந்தச் சீட்டா? தன் கணக்கில் போனாள். நீளம் இருபத்துமூன்று, நெஞ்சு இருபத்திரண்டு, கழுத்து பத்தரை, மணிக்கட்டு ஐந்து. என் பிள்ளை இவ்வளவுதான் இருப்பாள் என்று துணியை வெட்டினாள்.

அதன் பிறகு இரண்டரை வாரம் அவளுக்கு வேறு உலகம் இல்லை. முகம்மது குட்டி நோன்பு வைத்துக்கொண்டு கடைக்குப் போவார். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் அவளுக்கு நோன்பு இல்லை, தையல்தான் நோன்பு. சன்னல் வெளிச்சத்தில் பாய் விரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வயிற்றின் மேலேயே துணியை வைத்துக்கொண்டு தைப்பாள். ஒரு வரிசைக்குத் தொண்ணூற்றாறு புள்ளி, பதினொரு வரிசை. புள்ளிக்கெல்லாம் நூல் ஓட்டி, சேர்த்து இழுத்து, நுனிகளைக் குண்டூசியில் சுற்றியபோது அத்தனை அகலத் துணி இரண்டு கையால் பிடிக்கும் அளவுக்கு வந்து நின்றது. அதன் மேல் பச்சைக் கொடி ஏறத் தொடங்கியது. ஒரு மடிப்புக்கு ஒரு முள் அளவுதான் ஊசியில் எடுக்க வேண்டும். கூட எடுத்தால் சட்டைக்கு விரிவு போய்விடும். இறுக்கினால் பிள்ளைக்கு நெஞ்சைப் பிடிக்கும்.

தைக்கும்போது அவள் ஹவ்வாவோடு பேசினாள். இந்த மொட்டு எப்படி இருக்கு குட்டி? கையைத் தூக்கு பார்க்கலாம். அந்தக் கை இப்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் இருந்த ஹவ்வாவுக்கு மூன்று வயது; இடது புருவத்துக்கு மேலே தழும்பு; பல்லில் நூலைக் கடிக்கிற பழக்கம். அந்த மூன்று வயசுப் பிள்ளையை இழுத்து நீட்டித்தான் இந்த ஆறு வயசுக்காரியை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டைத் தைத்த அன்று மட்டும் கொஞ்சம் தயங்கினாள். ஐந்தா, ஆறா? ஐந்துதான் என்று தைத்தாள்.

பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில் முகம்மது குட்டி, “சட்டை முடிஞ்சா எங்கிட்டக் குடு. மூசா கடைக்குத்தான் வருவாரு, நானே குடுத்தனுப்பிடறேன்” என்றார். இன்னும் உள்நூல் உருவவில்லை, ஒரு நாள் பொறுங்கள் என்றாள் ருக்கியா. மறுநாள் மத்தியானம் உருவுவதற்கு உட்கார்ந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மூசாதான். கடைக்குப் போயிருக்கிறார், லுஹர் தொழுகைக்காகக் கடை சாத்தியிருந்திருக்கிறது. தோளில் ஒரு சின்னச் சாக்கு. அதை நடையில் இறக்கி வைத்தார்.

“அம்மிணி, கௌலத் குடுத்து விட்டா. பேறு காலத்துக்கு மலைப்பூண்டு நல்லதுன்னு. நான் வரட்டா? பூண்டு மண்டியில ஆள் காத்துட்டிருக்கும்.”

ருக்கியா கதவை ஒட்டி நின்று முக்காட்டை இழுத்துவிட்டாள். “இருங்க மச்சான். மூணு வருஷத்துல இந்த வாசலுக்கே இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க. நிக்காமப் போறேங்கறீங்களே. ஹவ்வா எப்பிடி இருக்கா?”

“இருக்கா.”

“அளவு நீங்கதானே எடுத்தீங்க?”

மூசா தலையைத் துண்டால் துடைத்தார். “ஆமா அம்மிணி.”

“எழுதினது தப்பாப் போச்சுங்க மச்சான். கழுத்துப் பதினொண்ணேகாலாம், மணிக்கட்டு ஆறாம். உங்க பேச்சைக் கேட்டுத் தெச்சிருந்தா எம் புள்ளை சட்டைக்குள்ளயே வழுக்கி விழுந்திருப்பா.” அவள் சிரித்தாள். “இப்பவும் சந்தேகந்தான். நீளம் எங் கணக்குலதான் வெட்டியிருக்கறேன். எவ்வளவு ஒசரம் இருக்கான்னு கையிலயே காட்டிருங்க. பார்த்துக்கறேன், மடிப்பைப் பிரிக்கணும்னா இப்பவே பிரிச்சு விட்டுருவேன்.”

கதவிடுக்கு வழியாக அவள் பார்த்தாள். மூசா வலது கையை நீட்டினார். இடுப்புக்குக் கீழே கொண்டுவந்தார். இல்லை என்பது போலக் கொஞ்சம் மேலே தூக்கினார். மறுபடி இறக்கினார். கை எங்கேயும் நிற்கவில்லை. ஒரு பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு அதன் தலை எங்கே வந்து முட்டும் என்று யோசிக்கவே வேண்டாம். கை தானாகப் போய் அங்கே நிற்கும். மூசாவின் கை காற்றில் அலைந்து அலைந்து கடைசியில் கீழே இறங்கியது. அவர் பூண்டுச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ருக்கியாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாய், “மச்சான், மச்சான்” என்று இரண்டு தரம் கூப்பிட்டது.

“என்னை மன்னிச்சுரு அம்மிணி.”

“எப்போ?”

“ஐப்பசிக் கடைசியில. மூணே நாள் காய்ச்சல். மறையூருக்குத் தூக்கிட்டு ஓடுனோம். கௌலத் மடியிலயேதான் மௌத்தாச்சு.”

கதவைப் பிடித்திருந்த கையை அவள் விடவில்லை.

“அங்கயேதான் அடக்குனீங்களா?”

“மறையூர்லதான். நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவும் மொறையா ஓதியாச்சு.”

நாற்பதாம் நாள் என்றால் மார்கழி. மார்கழியில் அவள் எங்கே இருந்தாள்? புருஷனோடு துணிக்கடைக்குப் போய், எலுமிச்சை நிறமா ரோஜா நிறமா என்று இரண்டையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலை வெயிலுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று அவரைக்கூடக் கேட்டாள்.

“எனக்கு ஏன் சொல்லலீங்க?”

“அன்னிக்கே உன்ற ஊட்டுக்காரருக்குக் கத்து போட்டுட்டேன் அம்மிணி. கார்த்திகை பொறந்ததுமே அவருக்குக் கெடச்சிருச்சு. அவருதான் எழுதுனாரு, மசக்கையில கெடக்கறா, இப்பச் சொன்னா ரெண்டு உசுரும் போயிரும், பேறு கழியற வரைக்கும் ஆரும் வாய் தொறக்காதீங்கன்னு. நல்லதுக்குத்தானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். அப்புறம் நீ அளவு கேட்டு எழுதுனே. அனுப்பலைன்னா சந்தேகப்படுவேன்னு அவரு மறுபடியும் எழுதுனாரு. கௌலத் நாடாவையே தொட மாட்டேன்னு அழுதா. போன வருஷம் எழுதுனது எங்கிட்ட இருந்துச்சு.” மூசா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். “ஒரு வயசு கூடியிருக்குமேன்னு, எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு கூட்டிப் போட்டேன்.”

“புள்ளைங்களுக்குக் கழுத்து அப்பிடி வளராதுங்க மச்சான்” என்றாள் ருக்கியா.

அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டு அழக்கூட அவளால் முடியவில்லை. வயிறு முட்டுக்கொடுத்து மூச்சைப் பிடித்தது. கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, வாயில் முக்காட்டைத் திணித்துக்கொண்டு அழுதாள். மூசா வெளியே இருந்து ஏதேதோ சொன்னார். சாகும்போது பிள்ளை அம்மாவைக் கேட்டதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டது என்றாலும் தாங்காது. கேட்கவில்லை என்றாலும் தாங்காது. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது. சட்டையை அவர் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை.

சாயங்காலம் முகம்மது குட்டி நோன்பு திறக்க வந்தார். நடையில் கிடந்த சாக்கைப் பார்த்தார். காந்தலூர்ப் பூண்டின் வாசனை அவருக்கு நன்றாகத் தெரியும். செருப்பைக் கழற்றாமலே சற்று நேரம் அங்கேயே நின்றார்.

உள்ளே எல்லாம் வழக்கம்போல இருந்தது. பாய் விரித்திருந்தது. பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி எல்லாம் எடுத்து வைத்திருந்தது. ருக்கியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். பாங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

“மூசா வந்தாரா?”

“வந்தாருங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “உனக்காகத்தான் மறைச்சேன் ருக்கியா. அல்லா மேல சத்தியம்.”

“எனக்காக இல்லீங்க.” அவள் தன் வயிற்றைக் காட்டினாள். “இதுக்காக.”

அவருக்கு இத்தனை வயதுக்குப் பிறகு வந்த முதல் பிள்ளை. மூன்று மாதக் கருவைப் பொத்திப் பொத்திக் காப்பாற்ற அவர் ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யைக் காப்பாற்ற மற்றவற்றையும் சொன்னார். கெட்ட மனுஷர் செய்கிற காரியம் என்றால் ருக்கியாவுக்குத் திட்டவாவது வாய் வந்திருக்கும்.

“கத்து வந்த அன்னிக்குத்தானே கடையைச் சாத்திட்டு வந்தீங்க?”

“ஆமா.”

“அன்னிக்குத்தானே ஹவ்வாவைக் கூட்டிட்டு வந்துரலாம்னீங்க?”

“நீ சோறு தண்ணியில்லாமக் கெடந்தே. உன்னை எந்திரிக்க வெக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியலை.”

“அந்த நாலு மாசம் நான் எப்பிடி இருந்தேன்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க. எங் கண்ணாலத்துலகூட நான் அப்பிடிச் சிரிச்சதில்லைங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நோன்பு வாயி, பொய் சொல்லாதீங்க. அந்தக் கத்து வராம இருந்திருந்தா, எம் புள்ளை உசுரோட இருந்திருந்தா, கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பீங்களா?”

பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். முகம்மது குட்டி பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்திருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பாங்கு முழுதும் முடிகிற வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இல்ல” என்றார்.

ருக்கியா தலையை ஆட்டினாள். “அப்ப இந்த ஊட்டுல எம் புள்ளைக்கு எடம் கெடச்சது, அவ மௌத்தானதுக்கு அப்புறந்தான்.”

வயிற்றில் பிள்ளை புரண்டது. அவள் கை வைத்துப் பார்க்கவில்லை.